நட்சத்திரம் கேட்ட கம்ப்யூட்டர்

1. ஷாக் அடிக்குமா?

"டீச்சர், இதத் தொட்டா ஷாக் அடிக்குமா?"

கேட்டவர் அழகர்சாமி அண்ணன். திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருந்தவர். யூரியா மூட்டையைத் தோளில் தூக்கி லாரியில் எறியக்கூடிய மனிதர், கீபோர்டைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எண்பதுகளின் கடைசி. மதுரையில் ஒரு கடையில் வீட்டுக் கம்ப்யூட்டர் விற்றார்கள். வாங்கியவர்களின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதற்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பயந்தவர்களைச் சமாளித்த அனுபவம் எனக்கு உண்டு என்று முதலாளி நம்பினார். பிள்ளைகள் பயந்ததே என்னைப் பார்த்துத்தான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர் என்பது ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். உள்ளேதான் எல்லாம் இருக்கும். வீட்டு டி.வி.யில் வயரைச் சொருகினால் அதுதான் திரை. ப்ரோக்ராமைச் சேமிக்க, பாட்டுக் கேட்கும் அதே டேப் ரெக்கார்டர், அதே கேசட். கரண்டு போனால் அடித்ததெல்லாம் போச்சு. திருமங்கலத்தில் கரண்டு எப்போது போகும் என்று கேட்காதீர்கள். எப்போது வரும் என்று கேளுங்கள்.

2. பராமரிப்பு

புதிதாக வாங்கியவர்களுக்குப் பராமரிப்பு வகுப்பும் உண்டு. தூசி படக்கூடாது, ஸ்டெபிலைசர் இல்லாமல் போடக்கூடாது என்று சொல்வேன். அழகர்சாமி அண்ணன் வீட்டில் இதை மனதார ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வகுப்புக்குப் போனால் கம்ப்யூட்டரைக் காணோம். அண்ணனின் மனைவி பஞ்சவர்ணம் அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். பட்டுச்சேலைக்கும் நகைப்பெட்டிக்கும் நடுவில், அந்துருண்டை வாசனையோடு கம்ப்யூட்டர் உறங்கிக்கொண்டிருந்தது.

"தூசி படக்கூடாதுன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?"

சொன்னேன்தான். ராகு காலத்தில் வெளியே எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிக்கவும் உரிமை இல்லை. ஒரு சின்ன ஜெபம் சொல்லாமல் நானும் ஸ்விட்சைப் போட்டதில்லை.

அந்த வீட்டில் பயப்படாத ஒரே ஆள் மகள் உமா. பி.எஸ்ஸி. கணக்கு முடித்தவள். நான் ஒரு வரி சொன்னால் அவள் மூன்று வரி அடித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் மேல்படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. நுழைவுத் தேர்வில் தேறி, இடமும் கிடைத்திருந்தது. வீட்டு அனுமதிதான் பாக்கி.

அவள் அப்பாவிடம் கேட்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பஸ் எத்தனை மணிக்கு, யார் துணைக்கு வருகிறார்கள், பீஸ் எவ்வளவு, சலுகை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். அண்ணன் குறுக்கே பேசமாட்டார். முழுக்கக் கேட்பார். தலையைக்கூட ஆட்டுவார். கடைசியில், "வேணாந்தாயி" என்பார்.

பிறகு எதற்கு இந்த மெஷின் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"மாப்ள வீட்ல சொல்லிக்கலாம்ல டீச்சர். பொண்ணு வீட்லயே கம்ப்யூட்டர் வச்சுப் பழகுதுன்னு."

3. சந்தனம்

மாப்பிள்ளை உசிலம்பட்டிப் பக்கம். பெண் பார்க்க வரும் நாளில் பாட்டுப் பாடச் சொல்லாமல், கம்ப்யூட்டர் ஓட்டிக் காட்டச் சொல்வது என்று முடிவாகியிருந்தது. இந்த யோசனையைச் சொன்ன மேதை யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பிடித்துவிட்டால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். பல்கலைக்கழக இடம் வேறு யாருக்காவது போய்விடும். உமாவுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். நெஞ்சு கொதித்தது, ஆனால் டீச்சருக்கு அந்த வீட்டில் கேசட்டைப் பற்றி மட்டும்தான் பேச உரிமை.

கேசட்டில் நான் ஒரு ப்ரோக்ராம் சேமித்துக் கொடுத்திருந்தேன். ஓட்டினால் திரையில் ஒரு பூ விரியும். கீழே வெல்கம் என்று வரும். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அதற்குமேல் அறிவியல் தேவையில்லை என்பது என் கணிப்பு.

அன்று மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா, மாமாவின் மனைவி என்று எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. பீரோவிலிருந்து கம்ப்யூட்டர் வந்தது. பூஜை அறையிலிருந்து கேசட் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல காரியம் தடங்கலில்லாமல் நடக்க வேண்டுமென்று பஞ்சவர்ணம் அக்கா கேசட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். நடுவில் வைத்திருந்தால் பிழைத்திருப்போம். கீழே டேப் வெளியே தெரியும் இடம்தான் அதன் நெற்றி என்று நினைத்து, அங்கே தாராளமாக அப்பியிருந்தார். நாடாவில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

உமா பிளே பட்டனை அமுக்கினாள். வழக்கமாக வரும் கீச்சுச் சத்தத்துக்குப் பதிலாக, தொண்டை கட்டியவர் இருமுவதுபோல ஒரு சத்தம். திரையில் எரர். மறுபடி போட்டாள். மறுபடி எரர். அழகர்சாமி அண்ணன் முகத்தில் வேர்வை அரும்பியது.

4. பொருத்தம்

திரையில் பூ விரியப்போகிறது என்று அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தாய்மாமா பெரிய மனது பண்ணினார்.

"பூவெல்லாம் நாங்க தோட்டத்துலயே பாத்துக்கிருவோம். இந்த மெஷினு பொய் சொல்லாதுங்குறாக. பொண்ணு மாப்ள நட்சத்திரத்தப் போட்டுப் பொருத்தம் பாக்கச் சொல்லு தாயி."

நான் வாயைத் திறக்குமுன் உமா சொன்னாள்: "பாக்கலாம் மாமா."

கேசட்டை ஒதுக்கிவிட்டு, புது ப்ரோக்ராம் ஒன்றைக் கையாலேயே அடிக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் நின்று திரையைப் படித்தேன். முதல் வரி மாப்பிள்ளையின் நட்சத்திரத்தைக் கேட்கும். அடுத்தது பெண்ணின் நட்சத்திரம். அதற்கடுத்து, சும்மா ஒன்றிலிருந்து சில ஆயிரம்வரை எண்ணும் வரி. ஒரு பிரயோஜனமும் இல்லை, நேரம்தான் போகும். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததுதான். கடைசி வரி: நோ என்று காட்டு.

அவ்வளவுதான் ப்ரோக்ராம். நட்சத்திரத்தை வாங்கிக்கொள்ளும். அதைத் தொடவே தொடாது.

மாப்பிள்ளைக்குப் பூரம், உமாவுக்கு ரோகிணி. இரண்டையும் அடித்தாள். மெஷின் சும்மா எண்ணியது. ஜமக்காளத்தில் எல்லோரும் திரையை நோக்கிச் சாய்ந்தார்கள். திரையில் நோ.

"இன்னொருக்கா போட்டுப் பாரு தாயி."

மறுபடியும் நோ.

"ரெண்டு வாட்டியும் ஒரே பதிலு. மெஷினு உறுதியாத்தேன் இருக்கு" என்றார் மாமா. பிறகு ஏதோ சந்தேகம். "எங்க, என் நட்சத்திரத்தையும் உங்க அத்த நட்சத்திரத்தையும் போடு பாப்போம்."

உமா அசரவில்லை. போட்டாள். நோ.

மாமாவின் மனைவி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"கரெக்டாத்தேன் சொல்லுது. இந்தப் பெட்டி எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாம்."

அத்தோடு மெஷினின் நாணயம் ஊர்ஜிதமானது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். வாசலில் அழகர்சாமி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், இது சரியாத்தான் ஓடுச்சா?"

"ஒரு வரிகூடத் தப்பில்லண்ணே" என்றேன். அது சத்தியம்.

5. லிஸ்ட்

மறுவாரம் போனபோது அண்ணன் கீபோர்டுக்கு முன் உட்கார்ந்திருந்தார். கை முதுகுக்குப் பின்னால் இல்லை.

"எனக்கும் சொல்லிக்குடுங்க டீச்சர். அம்புட்டுப் பேர் நடுவுல எங்குடும்பத்துக்கு முடிவு சொன்ன மெஷினு. அது எப்பிடி யோசிக்குதுன்னு தெரியணும்."

சொல்லிக்கொடுத்தேன். ஒற்றை விரலால், யூரியா மூட்டைக்குத் தையல் போடுகிற பொறுமையோடு அடித்தார். கேசட்டிலிருந்து ப்ரோக்ராமை ஏற்றுவது, ஓட்டுவது, லிஸ்ட் என்று அடித்தால் அதன் வரிகள் திரையில் வருவது, எல்லாம் பிடிபட்டது. பயந்தவர்கள் ஒருமுறை தொட்டுவிட்டால் பிறகு விடமாட்டார்கள். நல்ல மாணவர். அதுதான் வினையாயிற்று.

உமா அந்தப் பொருத்த ப்ரோக்ராமை ஒரு புதுக் கேசட்டில் சேமித்து வைத்திருந்தாள். சேமிக்காமல் எதையும் விடாதே என்று படித்துப் படித்துச் சொன்னவள் நான்தானே! அண்ணன் அதைப் போட்டார். லிஸ்ட் அடித்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். உமா அடுப்படிக் கதவருகே வந்து நின்றாள்.

வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். கீழே போய், மறுபடி மேலே வந்து, மறுபடி கீழே போனார்.

"நட்சத்திரத்தக் கேட்டு வாங்கி வச்சுக்கிருது. ஆனா அத எங்கயுமே பாக்கலியே டீச்சர்?"

"ஆமாண்ணே."

"யாரு என்ன சொன்னாலும் நோதான் சொல்லுமா?"

"ஆமாண்ணே."

அவர் உமா பக்கம் திரும்பினார். "எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்ல தாயி?"

உமா திரையைத்தான் பார்த்தாள். அழகர்சாமி அண்ணனும் திரும்பித் திரையைப் பார்த்தார். அந்தக் கடைசி வரியில் மறுபடி விரலை வைத்தார்.

பிறகு, "பஸ்ஸு எத்தன மணிக்குன்னு சொன்ன?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். பீஸையும் சொன்னாள். இந்த முறை அவர் தலையை ஆட்டவில்லை. பேப்பரை எடுத்து, சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டார்.

ப்ரோக்ராம் எழுத வருகிற பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து நான் முதல் வகுப்பில் சொல்வது இதுதான்: ஒருவரிடம் கேட்டு வாங்கியதைப் பயன்படுத்தாமல் பதில் சொல்லாதீர்கள். கம்ப்யூட்டர் அப்படிச் சொன்னால் வரியைத் திருத்திவிடலாம். அப்பாக்களுக்கு லிஸ்ட் அடித்துக் காட்டத்தான் ஆள் தேவைப்படுகிறது.