கலக்காத தைலம்

ஒரு செப்பு அண்டா, அதை மூட ஒரு பழைய டிரம், ஓடைத் தண்ணீரில் கிடத்தின ஒரு குழாய். கோத்தகிரிப் பக்கம் நான் தைலம் காய்ச்சும் தொழில் ஆரம்பித்தது இவ்வளவை வைத்துத்தான். அஞ்சாங்கிளாஸ் தாண்டாத என்னை நம்பிக் காலி பாட்டில்கூட யாரும் கடன் தரவில்லை. இன்றைக்குக் காய்ச்சுகிற கொட்டகை இருக்கிறது, குன்னூர் பஜாரில் கடை இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது. எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. ஆனால் எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸம்மா இல்லையென்றால், இதில் ஒன்றுகூட வந்திருக்காது.

விண்டர்கிரீன் என்பது சோலை ஓரத்தில் புதராக வளரும் செடி. வெள்ளைப் பூ மணிமணியாகத் தொங்கும். இலையைக் கசக்கினாலே வலித்தைல வாசம் தூக்கும். அதைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய் மூட்டு வலிக்கும் சுளுக்குக்கும் நன்றாகக் கேட்கும். மற்றவர்கள் மட்ட எண்ணெய் ஊற்றிப் பெருக்கி விற்ற காலத்தில், நான் ஒரு சொட்டுக்கூடக் கலந்ததில்லை. திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மழைக்காலத்தில், கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் என் தைலத்தை முழங்காலில் தேய்த்து, கம்பளியைச் சுற்றி, அதன்மேல் வெந்நீர்ப் பையையும் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். குளிருக்கு இந்த மலையில் எல்லோரும் செய்கிற காரியம்தான். விடிந்து பார்த்தால் தோல் வெந்து கொப்புளம். நான் ஆசிட் ஊற்றி விற்கிறேன் என்று அவர் வீட்டுக்காரர் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார். கடைக்காரர்கள் என் பாட்டில்களைத் திருப்பி அனுப்பினார்கள். அடுப்பு அணைந்தது.

நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அக்காவும் வீட்டுக்காரரும் அங்கேயே இருந்தார்கள். புண்ணுக்கு மருந்து போட்டபடியே, கம்பளி, வெந்நீர்ப் பை எல்லாவற்றையும் விசாரித்தார் அம்மா. சூடு வைத்ததால்தான் தைலம் தோலைப் பொசுக்கியிருக்கிறது, ஆசிட்டும் இல்லை ஒன்றும் இல்லை என்று வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தைலக்காரரே, இத்தனை வீரியத்த மனுசத்தோல் தாங்குமுங்களா? தேங்காயெண்ணெயில கலந்து குடுங்க."

"செத்தாலும் கலப்படம் பண்ண மாட்டேனுங்கம்மா."

"அப்ப மொதல்ல உங்க முழங்கால்ல தேச்சுட்டு வித்திருக்கோணுமுங்க" என்றார் அக்கா, வலியிலும்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "கலந்தத வெளிய எழுதி ஒட்டுங்க. மறைச்சாத்தானுங்க அது கலப்படம்."

அதன்படியே தேங்காயெண்ணெயில் கலந்து, அதை எழுதியும் ஒட்டினேன். சொன்னதோடு அவர் விடவில்லை. கடை கடையாக என்னோடு ஏறி இறங்கினார். கம்பளி சுற்றாதே, சூடு வைக்காதே, வாயில் வைக்காதே, பிள்ளைகளுக்குத் தேய்க்காதே என்று பாட்டிலில் ஒட்டச் சொன்னதும் அவர்தான். என் அடுப்பு மறுபடி எரிந்தது. ஆனால் மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து, ஜனங்கள் குச்சி விட்டுக் குடைந்தார்கள். அப்போதுதான் அதற்குப் பதிலாக நல்லெண்ணெயை ஊற்றினேன். எந்தக் குளிருக்கும் உறையவில்லை. கேட்டதும் நர்ஸம்மா, தனக்கு இது தோன்றவில்லையே என்றார்.

போன மாதம் அவர் காலமானார். டிஸ்பென்சரியில் படம் மாட்டி, வலித்தைலம் தந்தவர் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். முதல் மாலை நான் போட்டதுதான். நான் உண்கிற சோறு அவர் தந்தது. யார் கேட்டாலும் சொல்வேன். அவர் பெயர் மேலேயே இருக்கட்டும். ஆனால் அவர் சொன்னது தேங்காயெண்ணெய். நல்லெண்ணெய் ஊற்றியவன் நான். அதையும் அந்தப் படத்துக்குக் கீழே எழுத வேண்டும்.