தண்ணீர் பட்டால் அழும் பவளம்

ஒரு பெண்ணின் தாலியில் போலிப் பவளம் ஏறியதற்கு நான்தான் காரணம். தெரிந்தே செய்தேன். இத்தனை வயதுக்குப் பிறகு இதை எழுத வைத்தது ஒரு துண்டு. நேற்று, புதிதாக வாங்கிய சிவப்புத் துண்டை வாளியில் நனைத்தேன். தண்ணீர் சிவந்துவிட்டது. அதைக் கொட்டாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்பதுகளில் குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எந்திரம் பழுதுபார்க்க ஊர் ஊராக அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் அந்த ஊரின் பழைய கடைத்தெருவுக்கு ஓடிவிடுவேன். பழைய மணிகள் மேல் அப்படியொரு பித்து. கல்கத்தாவில் வரிபோட்ட கண்ணாடி மணி, பம்பாயில் ஏதோ கப்பலில் வந்ததாகச் சொன்ன நீலமணி. தகர டப்பாவைத் திறந்தால் துருவும் பழைய நூலும் யாருடைய வியர்வையோ கலந்து ஒரு வாசனை வரும். அதற்கு மயங்கியவன், மனைவிக்கு ஒரு முழம் பூ வாங்கிப்போனதாக நினைவில்லை. "செத்தவங்க கழுத்துல கெடந்ததை எல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாறீங்களே" என்பாள் அவள்.

கீழ்க்கட்டளையில் எங்கள் பக்கத்து வீடு சரோஜா டீச்சருடையது. கணவர் இல்லை. ஒரே மகள் வசந்தியை அனகாபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மூன்றாம் மாதம் தாலி பிரித்துக் கோக்கும்போது தாய்வீட்டுப் பவளம் சேர்க்கவேண்டும். நான் ஐதராபாத் போவது தெரிந்து வந்தார்.

"சார், அசல் பவளமா ஆறு மணி. உங்க கண்ணுக்குத் தப்பாது."

சார்மினார் பக்கத்துச் சந்தொன்றில், வயதான கடைக்காரர் ஒருவர் ஆறே ஆறு பழம்பவளங்களை என் உள்ளங்கையில் உருட்டினார். எத்தனையோ கழுத்துகளின் சூட்டில் வழவழத்துப் போனவை. பார்த்த கணமே அவை டீச்சருடையவை அல்ல, என்னுடையவை என்று மனம் தீர்மானித்துவிட்டது. பக்கத்துத் தட்டில் சாயமேற்றிய எலும்பு மணிகள். டீச்சருக்குக் கொடுக்க அதிலும் ஆறு பொறுக்கினேன். கடைக்காரர் ஓட்டைத் தமிழில் எச்சரித்தார்: "அது ஷோவுக்கு சாப். தண்ணி பட்டா அழும்."

அழுதது. இரண்டே நாளில் வசந்தியின் கழுத்திலும் ரவிக்கையிலும் சிவப்பு வழிந்திருக்கிறது. மாமியார் ஆசாரியிடம் காட்ட, எலும்பு என்று சொல்லிவிட்டார். தாலியில் எலும்பு! டீச்சர் என்னைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு அனகாபுத்தூர் போனார்.

"இன்னா டீச்சரு, ஊரு புள்ளைங்களுக்கு எல்லாம் பாடம் எடுக்கிற. ரெண்டே குளியல்ல உன் சாயம் வெளுத்துப்போச்சே!" என்றார் அந்த அம்மாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்மா" என்றேன். ஒரே வாயால் அந்த நேர்மையான மனிதரையும் திருடனாக்கினேன்.

"ஊரு ஊரா மணி தேடிகினு சுத்தறவரையே ஏமாத்திட்டானா? நல்லா கீது கதை. அசலை வூட்டுல வெச்சிகினு எலும்பை அனுப்பிகிறா உங்க டீச்சரு."

வெளுத்தது என் சாயம். அவமானம் அவருக்கு. வசந்தி கதவோரம் நின்றாள். கழுத்தில் அந்தச் சிவப்பு இன்னும் சரியாகப் போகவில்லை. அவளை அந்த வீட்டில் வைத்துக்கொண்டார்கள், டீச்சரைப் படியேறவிடவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர்தான் என்னைத் தேற்றினார்: "விடுங்க சார். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டீச்சர் இறந்த மறுவருடம்தான் எனக்குத் தைரியம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். ஆறு பவளங்களையும் எடுத்துக்கொண்டு அனகாபுத்தூர் போனேன். மாமியார் கட்டிலோடு கிடந்தார். அவர் காதுபட, வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வசந்தி ஒரு டம்ளர் தண்ணீரில் பவளங்களைப் போட்டாள். இருவரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"அம்மாகிட்ட சொன்னீங்களா சார்?"

"இல்லம்மா."

"சாகற வரைக்கும் உங்களுக்காகத்தான் வருத்தப்பட்டாங்க. நம்மால சாருக்குக் கெட்ட பேருன்னு."

தண்ணீரை வடித்துவிட்டு, ஈரத்தோடு ஆறையும் என் கையில் வைத்தாள். நான் படியிறங்குவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அதன்பின் எந்த ஊர்க் கடைத்தெருவுக்கும் நான் போகவில்லை. மற்ற மணிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஆறை மட்டும் யாருக்குக் கொடுப்பது? கீழ்க்கட்டளையில் டீச்சர் வீட்டை இடித்து நாலுமாடி எழுப்பிவிட்டார்கள். அவர் வாசல் இருந்த இடம் எதுவென்று இப்போது எனக்கே தெரியவில்லை.