போணிக்கு ஆகாத லுயென்

அந்த முக்காலிகள் விற்பதற்கு இல்லை. அவை வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் லுயெனுடையவை. முழங்கை மடிப்பில் இரண்டு நீல பிளாஸ்டிக் முக்காலிகளை மாட்டிக்கொண்டுதான் அவள் எங்கள் சந்துக்குள் நுழைவாள். பின்னால் தொப்பியும் கேமராவுமாக வெள்ளைக்காரக் கூட்டம் வாத்துக் குஞ்சுகள் போல வரும். ஹனோயில் சாப்பாட்டுக் கடை முக்காலி முழங்கால் உயரம்கூட இராது. எங்கள் உடம்புக்கு அது சிம்மாசனம். ஒரு தடவை ஓர் ஆள் நூடுல்ஸ் கிண்ணத்தோடு அப்படியே தரைக்குப் போய்விட்டார். முக்காலியின் கால்கள் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. அன்றிலிருந்து பெரிய உடம்பைக் கண்டால், கடைக்காரர் போட்ட முக்காலியின் மேல் தன்னுடையதையும் அடுக்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்து, பிறகுதான் உட்காரச் சொல்வாள்.

"ஒண்ணு உடையும், ரெண்டா இருந்தா தாங்கும். கல்யாணமும் அப்படித்தானே பெரியப்பா?" என்பாள் என்னிடம். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். பாதி மாதம் சாலையிலேயே கழியும்.

சந்து முனையில் தேநீர் விற்கிறவன் நான். ஒரு பெட்டி ஐஸ், ஒரு கூஜா, ஒரு டப்பா கடலை மிட்டாய். அவளுடைய ஊர்வலம் என் கடையிலிருந்துதான் புறப்படும். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. அவள் என்ன சொன்னாள் என்பதைத் திரும்பி வந்ததும் அவளே எனக்குச் சொல்லிவிடுவாள். ரோட்டைத் தாண்டுவதற்கு அவள் நடத்தும் பாடம் இது: "நிக்காதீங்க, ஓடாதீங்க, பாதியில திரும்பாதீங்க. மோட்டார் பைக்காரன் உங்களப் பார்த்துட்டான். அவன் சுத்திப் போவான். நீங்க பாட்டுக்கு மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி மெதுவா நடங்க."

வருகிறவர்களுக்கெல்லாம் அவளே ஒரு பெயர் வைப்பாள். நெட்டையாக இருந்தால் மூங்கில். கன்னம் சிவந்து உருண்டையாக இருந்தால் பூசணி. அவர்களுக்குத் தெரியாது, சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று யாரையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கவே மாட்டாள்.

"வாய் மரியாதைக்குப் பிரமாதம்னு சொல்லிடும் பெரியப்பா. கைக்கு அந்த மரியாதை தெரியாது. ரெண்டாவது தடவ சாப்பிடுற குச்சி தட்டுக்குப் போகுதா, அத மட்டும் பாருங்க."

இதில் என்ன போட்டிருக்கிறது என்று யாராவது கேட்டால், முதலில் மெல்லுங்கள், விழுங்கிய பிறகு சொல்கிறேன் என்பாள். குஞ்சு பாதி வளர்ந்த வாத்து முட்டைக்கு மட்டும் தனி வசனம்: "கண்ண மூடிக்கிட்டா எல்லா முட்டையும் முட்டதான்." முன்னே ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு நான்கு தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்றார். கண்ணைத் திறந்ததும் என் கடைக்கு வந்து தேநீராகக் குடித்துத் தீர்த்தார்.

சிகரெட் பிடிக்க மாட்டாள். ஆனால் பையில் எப்போதும் ஒரு லைட்டரும் பழைய செய்தித்தாளும் இருக்கும். விஷயம் இதுதான். இவள் கூட்டத்தோடு ஒரு கடை முன்னால் நிற்பாள். அவர்கள் மூடியைத் தூக்குவார்கள், ஆவியைப் படம் பிடிப்பார்கள், விலை கேட்பார்கள், நடையைக் கட்டுவார்கள். எந்த வியாபாரிக்குப் பொறுக்கும்? கனத்த ராசிக்காரர் வந்து கெடுத்துவிட்டார் என்று உடனே ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கடையைச் சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம். லுயென் அதற்கு இடம் வைப்பதில்லை. கடைக்காரர் எழுந்திருப்பதற்குள் தானே ஒரு தாளைக் கொளுத்திவிடுவாள். "நீங்க உக்காருங்கக்கா, என்னோட பீடைய நானே விரட்டிக்கிறேன்." கூட்டம் அதையும் படம் பிடிக்கும்.

இந்த வித்தை பலிக்காத ஒரே இடம் முய் அம்மாவின் கடை.

முய் அம்மா அரிசித்தாள் போடுகிறவள். பானை வாயில் இழுத்துக் கட்டிய துணிமேல் மாவை ஒரு கரண்டி ஊற்றுவாள். மூடித் திறந்தால் கண்ணாடி மாதிரி ஒரு தாள் வெந்திருக்கும். அதை மூங்கில் குச்சியால் ஒரே வீச்சில் தூக்கி, பன்றிக் கொத்துக்கறியும் காளானும் வைத்துச் சுருட்டி, மேலே முறுகிய வெங்காயம் தூவித் தருவாள். கை பஞ்சு, வாய் அரிவாள். போன வருஷம் புத்தாண்டு கழிந்து கடை திறந்த முதல் நாள், முதல் ஆளாக லுயென் தன் கூட்டத்தோடு போய் நின்றுவிட்டாள். அப்போது அவள் ஒரு டூர் கம்பெனியில் இருந்தாள். கூட்டம் எல்லாவற்றையும் பார்த்தது, தொட்டது, கேட்டது. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. அன்றைக்குப் பானைத் துணி கிழிந்தது. மாவு மிஞ்சிப் புளித்தது. வருஷத்தின் முதல் போணி அப்படிப் போனால் யார்தான் மறப்பார்கள்?

"அவ வரட்டும், வேணாங்கல. வேற யாராச்சும் போணி பண்ணினப்புறம் வரட்டும்" என்று முய் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அதனால் லுயெனும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். என் ராசி லேசானது என்று சந்தில் பெயர். விலை பேச மாட்டேன், முகம் சுளிக்க மாட்டேன். காலையில் நான் போய் முதல் தட்டுச் சாப்பிட்டுப் போணி செய்வேன். அந்தத் தட்டு லுயென் செலவு. நான் வாயைத் துடைத்ததும் அவள் கூட்டம் உள்ளே வரும். மாதக்கணக்காக இது நன்றாகத்தான் ஓடியது.

அதற்குள் எனக்குப் பேத்தி பிறந்துவிட்டாள்.

குழந்தையைப் புகழக் கூடாது. ஆகையால் அவள் மகா அசிங்கம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மூக்கு அசிங்கம், விரல்கள் அசிங்கம், கொட்டாவி விடுவது ரொம்ப ரொம்ப அசிங்கம். வீட்டில் இறாக்குட்டி என்று கூப்பிடுகிறோம். ஆனால் வியாபாரிகளுக்கு வழியில் பாடை எதிர்ப்பட்டால் நல்ல சகுனம், பிள்ளை பெற்ற வீட்டுக்காரன் எதிர்ப்பட்டால் ஆகாது. மாதம் நிறையும் வரை நான் யாருக்கும் போணி செய்யக் கூடாது. சேதி கேட்டு ஓடி வந்த லுயென் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாழ்த்துகள் பெரியப்பா! பாழாப் போச்சே பெரியப்பா!" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

அவள் கவலை எனக்குத் தெரியும். கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. ஏசி போட்ட கூடத்தில் எல்லாப் பலகாரத்தையும் வரிசையாக வைத்து ஊட்டுகிறார்களாம், தெருத் தெருவாக அழைத்துப் போக ஆள் வேண்டாமாம். இவள் சொந்தமாகக் காலை நடை தொடங்கினாள். ஊர் தனக்காகச் சமைக்கும் நேரம் அதுதான் என்பாள். ஏரிக்கரை விடுதிக்காரி ஒருத்தி முதல் கூட்டத்தை அனுப்புவதாகச் சொன்னாள். அவர்கள் சந்தோஷமாகத் திரும்பினால் தொடர்ந்து அனுப்புவாள். இல்லையென்றால் லுயென் பாக் நின் என்ற ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்கே போன் தொழிற்சாலையில் அவள் தங்கை இடம் பிடித்து வைத்திருக்கிறாள். நாள் முழுக்க நின்றபடி, வாய் திறக்காமல் திருகாணி முடுக்கும் வேலை. வாய் திறக்காமல் லுயென்!

"வேற கடையில ஆரம்பியேன்" என்றேன்.

"காலையில முதல் வாய் முய் அத்தை கையாலதான் பெரியப்பா. அத விட்டுட்டு ஊரச் சுத்திக் காட்டுறது, பொண்ணக் காட்டாம கல்யாணம் பேசுற மாதிரி."

இன்று காலை அந்தக் கூட்டம் வந்தது. ஐந்து பேர். மாவு சலித்தது போன்ற தூறல். முய் அம்மாவின் பானை கொதிக்கிறது, ஒரு வாடிக்கைகூட இல்லை. ஒரு பைக்காரன் வேகத்தைக் குறைத்தான், வானத்தைப் பார்த்தான், போய்விட்டான். ஐந்து பேரும் என் தார்ப்பாயின் கீழ் ஒண்டி நின்று கையைத் தேய்த்துக்கொண்டார்கள். அவர்களில் நெட்டையானவர், இன்றைய மூங்கில், கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். லுயென் தார்ப்பாயை விட்டு வெளியே போனாள்.

"அங்கயே நில்லுடி!" முய் அம்மா குச்சியை நீட்டினாள். "போணி ஆகல."

"தெரியும் அத்தை. நானே பண்ணலாம்னுதான்."

"நீயா? ஒன் நெழலே மூட்ட மூட்டையா கனக்கும். கெழவன வரச் சொல்லு."

"நான் தாத்தா ஆயிட்டேன்" என்று இங்கிருந்தே கத்தினேன்.

"சந்தே கேட்டாச்சு! தெனம் ஒம்பது தடவ சொன்னா? நீ கிட்டயே வராத."

லுயென் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து ஈரத் தரையில் வைத்துக் கொளுத்தினாள். பிடிக்கவில்லை. நான் கடலை மிட்டாய் வந்த அட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். அது பிடித்தது. பீடை கழிய ஆள் நெருப்பைத் தாண்டுவதும் உண்டு. எப்போதும் கடைக்காகக் கொளுத்துகிறவள், இன்று தனக்காகக் கொளுத்தினாள். மழைச்சட்டையைத் தூக்கிப் பிடித்து, அந்தச் சின்ன நெருப்பை இப்படியும் அப்படியுமாகத் தாண்டினாள். முகத்தில் விளையாட்டே இல்லை. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

பின்னால் நின்ற ஐந்து பேருக்கும் என்ன புரிந்ததோ தெரியாது. இந்தக் கடைக்குள் போக இதுதான் முறை என்று நினைத்துவிட்டார்கள். மூங்கில் தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோவிலுக்குள் போகிறவர் மாதிரி தலை குனிந்து தாண்டினார். அடுத்து பூசணி, பயத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு. அடுத்து ஒரு புருஷன் பெண்டாட்டி, ஜோடியாக. கடைசி ஆள் முய் அம்மாவைப் பார்த்து இடுப்பு வரை வளைந்து ஒரு கும்பிடும் போட்டார்.

முய் அம்மாவின் உதடு இறுகியது. குச்சி ஆடியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்து இந்தச் சந்து பார்த்து எத்தனை காலமாயிற்று!

"யாருடி இவங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"நான் சொல்லல அத்தை. சத்தியமா!" லுயெனுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கடைன்னா இப்படித்தான் நுழையணும்னு நெனச்சுட்டாங்க."

"முப்பது வருஷமா கட வச்சிருக்கேன். இவ்ளோ மரியாதையா ஒரு பயல் உள்ள வந்ததில்ல." முய் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். "உக்காரு. நீ மொதல்ல. வெல கேட்டியோ, கொதிதண்ணி தலையில விழும்."

லுயென் விலை கேட்கவில்லை. கூட்டத்துக்கு விளக்கம் சொல்லவில்லை. குனிந்து ஒரு தட்டைக் காலி செய்து இன்னொன்று கேட்டாள். அதற்குள் குடை பிடித்துப் போனவர்கள் இரண்டு பேர், வெள்ளைக்காரர் நெருப்புத் தாண்டிய கடை எது என்று பார்க்க நின்றார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். குச்சிகள் தட்டுக்கு எத்தனை தடவை போயின என்று யாரும் பார்க்கவில்லை. நெருப்பைத் தாண்டும் படத்தை மூங்கில் அங்கே உட்கார்ந்தபடியே விடுதிக்காரிக்கு அனுப்பிவிட்டார். அவளிடமிருந்து லுயெனுக்குப் போன் வந்தது. என்ன பேசினார்களோ, ஆனால் போனை வைத்துவிட்டு அவள் தங்கையைக் கூப்பிட்டு, "எனக்காக எடத்தப் பிடிச்சு வைக்காதடி, வேற யாருக்காவது குடுத்துரு" என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

கூட்டம் எழுந்தது. போகும்போது முய் அம்மா கூப்பிட்டாள்.

"நாளைக்கு எத்தன பேருடி?"

"நாளைக்கு ஒருத்தரும் இல்ல அத்தை. இனி வியாழக்கிழமைதான்."

"நான் வெள்ளைக்காரங்களயா கேட்டேன்? ஒன்னத்தான். கெழவன் வீட்டுல கொழந்த, இந்த மாசம் முழுக்க எனக்குப் போணிக்கு ஆள் வேணாமா? விடிஞ்சதும் வந்து சேரு."

லுயென் தன் முக்காலிகளை முழங்கையில் மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அப்ப கனம் கொறைய இன்னிக்கி ராத்திரி சாப்பிடாமப் படுத்துக்கிறேன், அத்தை."