மலையில் எழுந்த புகை

கொல்லிமலையில் குண்டனி நாட்டைச் சேர்ந்த ஊர் எங்களுக்கு. பிழைப்புக்காக, அடிவாரத்தில் ஒரு துரை நடத்தும் மர மில்லில் சேர்ந்தேன். மில் கூரை எங்கள் மலையை மறைக்கும். மரம் அறுக்கும் வாளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த மரங்கள்மேல் ஏறினால் தெரியும்.

சித்திரையில் ஒருநாள் கூரைக்கு மேலே, மலைப் பக்கம் புகை எழுந்தது. சாமை விதைக்கக் காட்டை எரிக்கிறார்கள், என் மனைவியும் அங்கேதான் நிற்பாள் என்று அடுக்கின்மேல் ஏறினேன். மலையில் சாய்ந்து கிடக்கும் மரங்கள்மேல் வெறுங்காலில் ஓடிப் பழகியவன் நான். இவையோ பட்டை உரித்த மரங்கள். கால் வழுக்கி, வாளைச் சுழற்றி ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தேன். தோள் எலும்பு முறிந்தது.

எஞ்சின்காரர் நீராவியை அடைத்துவிட்டு ஓடி வந்தார். “ஏனுங்க, அங்க என்னத்தப் பாத்தீங்க?”

“எங்க காட்டுப் பொகைங்க” என்றேன்.

இப்போது மரத்தின்மேல் ஏறுவதில்லை. வேலை முடிந்து வெளியே வந்த பிறகுதான் மலையைப் பார்க்கிறேன். அதற்குள் பெரும்பாலும் இருட்டிவிடுகிறது.