தவமணி அக்காவின் தாடி ஓணான்

ஆஸ்பத்திரியிலிருந்து தவமணி அக்காவின் தங்கை எனக்குப் போன் எடுத்தபோது, நான் அக்காவின் ஓணானை இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டா" என்றார். ஈரத்தோடு அவனைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவன் தாடியைக் கறுப்பாக்கி என்னை முறைத்தான்.

நாங்கள் குடியேறிய மிச்சம் என்ற இந்த ஊரில் அக்காவைத் தெரியாத தமிழ் வீடு குறைவு. கோயில் மடைப்பள்ளியில் வடைக்கு உளுந்து பதம் பார்த்தவராகத்தான் பலரும் நினைவு வைத்திருப்பீர்கள். அவர் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த எனக்கு, எறும்பைக்கூட "வெளியில போங்கோ பிள்ளையள்" என்று மஞ்சள் தூவி அனுப்பும் அக்காவைத் தெரியும். குளிர் என்று ஹீட்டரில் கை வைத்தால், "இன்னொரு சுவெட்டர் போடு" என்று விரட்டும் அக்காவையும் தெரியும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, சப்பாத்துப் பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு தாடி ஓணான் குஞ்சைக் கொண்டு வந்தார். லோண்டரியில் அவரோடு வேலை செய்த லிண்டா வீடு மாறினாளாம், புது வீட்டில் பிராணிகள் வைத்திருக்கக் கூடாதாம். கண்ணாடித் தொட்டியும் வெயில் போலச் சுடும் விளக்கும் பின்னால் வந்தன. எனக்கு ஹீட்டர் இல்லை, ஓணானுக்குச் சூரியனா என்று சண்டைக்குப் போனேன்.

"நீ சுவெட்டர் போடுவாய். அவன் போடுவானே?" என்றார்.

அவனுக்கு முருகேசு என்று பெயர் வைத்தார். லிண்டா ஒரு பெட்டி நிறைய உயிருள்ள சில்வண்டுகளும் கொடுத்திருந்தாள். அக்கா அவற்றைத் தோட்டத்தில் திறந்துவிட்டார். "இது சைவ வீடு. கீரையும் தின்னும் எண்டு லிண்டா சொன்னவள்தானே." கீரையும் துருவிய பூசணிக்காயும் வைத்தார். கந்தசஷ்டி வந்தது. அக்கா விரதம் இருந்தார். விரதமெல்லாம் எனக்குச் சரிவராது. ஆட்டிறைச்சி ரோல்ஸை அறைக்குள் ஒளித்துத் தின்றேன். சஷ்டி முடிவதற்குள் குஞ்சு கண் திறக்காமல் கிடந்தது. வாலில் எலும்பு தெரிந்தது.

மிருக வைத்தியர் சொன்னதை நான் தமிழில் அக்காவுக்கு விளக்கினேன். வளர்ந்த பிறகு கீரை போதும், குஞ்சுக்குப் பூச்சிதான் சாப்பாடு. இப்படியே விட்டால் பிழைக்க மாட்டான். திரும்பும் வழியில் அக்கா பிராணிக் கடையடியில் பஸ்ஸை விட்டு இறங்கினார்.

"தாங்கோ அக்கா, நான் குடுக்கிறன். நான் மச்சம் மாமிசம் தின்னுற ஆள்தானே" என்றேன்.

"வேண்டாம். பட்டினி போட்டது நான். பாவம் எண்டால் அது என்ர கையோட இருக்கட்டும்."

விரத வயிற்றோடு, இடுக்கியால் ஒரு சில்வண்டைப் பிடித்து அவன் வாயருகே நீட்டினார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தச் சின்ன நாக்கு வெளியே வந்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "விரதம் என்ர. அதை ஏன் இவனில சுமத்தினன்?" என்றார். தலைக்கு முழுகிவிட்டுச் சூரன்போர் பார்க்கக் கோயிலுக்குப் போனார்.

அதன் பிறகு நான் ரோல்ஸை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. "ஆறப்போகுது, கெதியாச் சாப்பிடு" என்பார். முருகேசுவும் வளர்ந்து, முக்கால்வாசி கீரைக்கே மாறிவிட்டான். "பார்த்தியளே, தானாச் சைவமாகிட்டான்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

கடைசியாக நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் தன் நோயைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "முருகேசு திண்டவனே?" என்றுதான் கேட்டார்.

அவனும் அந்த இடுக்கியும் இப்போது என் அறையில். இன்று சஷ்டி தொடங்குகிறது. அக்காவை நினைத்து, வாழ்க்கையில் முதல்தடவையாக நான் விரதம் பிடிக்கிறேன். காலையில் சாமிக்கு விளக்கேற்றினேன். முருகேசுவின் விளக்கையும் போட்டேன். பிறகு சில்வண்டுப் பெட்டியைத் திறந்தேன்.

அவனுக்கு விரதமில்லை, அக்கா.