கல் வைத்து மூடிய வாசல்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் நான் வீட்டுவேலை செய்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பித்தவர். கணவரை இழந்தவர். லிபெர்த்தா தெருப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் தனியாக இருந்தார். கோடை வந்தால் அமெரிக்காவின் தென்மேற்கே, மழை குறைந்த ஒரு மேட்டு நிலத்துக்குத் தோண்டப் போய்விடுவார். பல நூறு வருடங்களுக்கு முன் அங்கே வாழ்ந்த பியூப்ளோ மக்களும் அவர்களின் மண்பாண்டங்களும்தான் அவருடைய ஆராய்ச்சி.

சாப்பாட்டு மேசை முழுக்கப் பானை ஓடுகள் பரவிக் கிடக்கும். வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடுகள். ஆராய்ச்சிக்காக அனுமதி பெற்றுக் கொண்டுவந்தவை. நான் அவற்றைத் தொடாமல் சுற்றித் தூசி துடைப்பேன். அவர் இத்தாலியனில் விளக்கம் சொல்லுவார். அவர் சொன்னவற்றை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

“கடைசிக் காலத்திலை இவையளுக்கு என்னவோ பயம் வந்திருக்கு. தோட்டங்களுக்குப் பக்கத்திலை பரவலா இருந்த வீடுகளை விட்டிட்டு, ஒரு ஊற்றைச் சுத்தி நெருக்கமா வீடு கட்டியிருக்கினம். பிறகு மதில். பிறகு வெளிப்பக்க வாசல்களைக் கல் வைச்சு மூடியிருக்கினம். உள்ளுக்கை தண்ணிப் பானையள் கூடிக்கொண்டே போகுது.”

“பயந்த ஆக்கள் இவ்வளவு வடிவாக் கோடு கீறுவினமோ?” என்று கேட்டேன்.

“கீறியிருக்கினம். கை நடுங்கின மாதிரி ஒரு கோடும் இல்லை” என்றார்.

தொண்ணூற்றிரண்டாம் வருடக் கோடையில் நகரத்தில் மாஃபியாக்காரர் நீதவான்களைக் குண்டு வைத்துக் கொன்றிருந்தார்கள். தெருக்களில் பட்டாளம் நின்றது. இலையுதிர் காலத்தில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஒரு நீதவானும் மனைவியும் குடிவந்தார்கள். மறுநாளே வாசலில் அவருக்குக் காவலாகத் துவக்குகளோடு பொலிஸ்காரர் நின்றார்கள். என் பையைத் திறந்து, கத்தரிக்காயைப் புரட்டி, மிளகாய்த்தூளை மணந்து பார்த்தார்கள். ஊரில், யாழ்ப்பாணத்தில், காவலரண் தாண்டிப் பழகியவள் நான். ஆனாலும் ஒவ்வொரு காலையும் தெரு முனையிலேயே பையை ஒருமுறை நானே திறந்து பார்த்துக்கொள்வேன்.

முதலாம் மாடிப் பல்வைத்தியர் கிளினிக்கை மூடினார். இரண்டாம் மாடியில் இருந்தவர்கள் பிள்ளைகளை அம்மம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவைப் பார்த்த யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஒருநாள் முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டார்கள். இனிப் பின்முற்றத்தால்தான் எல்லோரும் வரவேண்டும் என்றார் வாசல் காவலாளி. கட்டடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லும் காலை வணக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. சிஞ்ஞோரா மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். அல்பெர்கேரியா வட்டாரத்தில் நாங்கள் இருந்த அறையில் இதைப்பற்றித்தான் எப்போதும் கதை.

“அந்த வீட்டை விடும். ஊரிலை செல்லடிக்கும் குண்டுக்கும் தப்பி வந்து இஞ்சை சாகவேணுமே?” என்பார்.

“விட்டால் இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெசோ புதுப்பிக்க என்ன செய்யிறது? அந்த வேலையைக் காட்டித்தானே எடுக்கிறன். வேற வீடு கிடைக்கட்டும், விடுறன்.”

குளிர்காலத்தில் ஒரு காலை, கட்டடத்தின் கீழே யாருடையதென்று தெரியாத ஒரு வான் நின்றது. விசில் சத்தம் கேட்டது. பிறகு கத்தல். வானுக்குள் குண்டு இருக்கலாம் என்று எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். சிஞ்ஞோரா ஓடுகளைப் பஞ்சில் சுற்றத் தொடங்கினார்.

“சிஞ்ஞோரா, விடுங்கோ, வாங்கோ!”

“ஒரு நிமிசம். இது ஒண்டு மட்டும்.”

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அதற்கு முன் அவரை நான் தொட்டதேயில்லை. மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்தது. நீதவானின் மனைவி ஏப்ரனோடு, கையெல்லாம் மா ஒட்ட, படியில் அசையாமல் நின்றார். காவலில் நின்ற ஒருவர் அவரையும் எங்களோடு கீழே தள்ளிக்கொண்டு வந்தார்.

தெரு முனையில் எல்லோரும் காத்து நின்றோம். நீதவானின் மனைவி வீட்டுச் செருப்போடு நின்றார். அயலவர்கள் மெல்ல மெல்ல அவரிடமிருந்து விலகினார்கள். யாரும் சொல்லி விலகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றி வெறும் நிலம்தான் இருந்தது. சிஞ்ஞோரா போய்த் தன் சால்வையை அவர் தோளில் போட்டுப் பக்கத்தில் நின்றார். நானும் போய் நின்றேன்.

வானுக்குள் தண்ணீர்க் குழாய்கள் மட்டும்தான் இருந்தன. யாரோ குழாய் திருத்துபவருடைய வான். ஒருவரும் சிரிக்கவில்லை. “அடுத்த முறை குழாயா இருக்காது” என்றார் அயலவர் ஒருவர், நீதவானின் மனைவிக்குக் கேட்கும்படி.

சில நாட்களில் அவர்கள் போய்விட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. காவலும் போனது. வீட்டுச் சொந்தக்காரர் அந்த வீட்டைத் துப்புரவாக்க என்னைக் கேட்டார். நான் அவர் தந்த கதவுத் திறப்போடு இறங்கியபோது சிஞ்ஞோராவும் கூட வந்தார். குசினியில் கோப்பி போடும் பாத்திரம் அடுப்பிலேயே இருந்தது. பலகையில், ஈரத்துணியால் மூடிவைத்த மா காய்ந்து வெடித்திருந்தது.

சிஞ்ஞோரா உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் தோண்டின அறையளும் இப்பிடித்தான். சட்டி அடுப்பிலை, அரைச்ச சோளம் கல்லிலை. அந்தச் சனம் மறைஞ்சு போச்சுது எண்டு எழுதுவினம். அது பொய். நடந்து தெற்காலை போனவை. அவையின்ரை சந்ததி இண்டைக்கும் அங்கை இருக்கு, பானை வனையுது. எனக்கு விளங்காதது வேற. ஆர் முதல் போனது? நிண்டவை அவையைப் பற்றி என்ன கதைச்சவை?”

நான் மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் நான் பூட்டிவிட்டு வந்த வீடு ஞாபகத்துக்கு வந்தது.

வசந்தத்தில் இளம் தம்பதி ஒன்று அந்த வீட்டைப் பார்க்க வந்தது. முன்பு யார் இருந்தார்கள் என்று வாசல் காவலாளியைக் கேட்டார்கள்.

“ஒருத்தரும் இல்லை. கனகாலமாச் சும்மா கிடக்குது” என்றார் அவர், என்னைப் பார்த்தபடி. நான் குப்பைப் பையோடு நின்றேன்.

மேலிருந்து படியிறங்கி வந்த சிஞ்ஞோராவுக்கு அது கேட்டுவிட்டது. “ஒரு நீதவானும் மனுசியும் இருந்தவை. பயத்திலை போனவை. அந்த மனுசி நல்லாச் சமைப்பா” என்றார் நிதானமாக.

தம்பதி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு, சிஞ்ஞோரா இறங்கும்போது கட்டடத்தில் பேச்சு நிற்கத் தொடங்கியது. அவருடைய தபால்கள் முற்றத்து ஈரத்தில் கிடந்தன. நான் பொறுக்கித் துடைத்து மேலே கொண்டுபோவேன்.

கோடையில் அமெரிக்கா போகுமுன் மேசையிலிருந்த ஓடுகள் எல்லாவற்றையும் பெட்டிகளில் அடுக்கினார்.

“திரும்பி வருவியளோ?” என்றேன்.

“ஓம், ஓம்” என்றார்.

இலையுதிர் காலத்தில் சிஞ்ஞோராவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. கால்சா வட்டாரத்தில் வேறு வீடு எடுத்திருப்பதாகவும், திங்கட்கிழமை அங்கே வரும்படியும் சொன்னார். பழைய கட்டடத்தில் நின்றவர்கள் இனி அவரைப் பற்றி என்ன கதைப்பார்கள் என்று நினைத்தபடி விலாசத்தை எழுதிக்கொண்டேன்.