அப்பாவின் கும்பிடு

என் அப்பா கும்பிட்டது சரியில்லையாம். அதில்தான் என் கல்யாணப் பேச்சு முறிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களும் திருநெல்வேலிப் பக்கம்தான். ஒரு காலத்தில் எங்கள் தாராவிச் சந்திலேயே குடியிருந்தவர்கள். அப்பா தோல் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்து, குளித்து, வேட்டி கட்டி, வாசலில் நின்று கும்பிட்டார். விரல் நுனிகள் தொட்டன. உள்ளங்கைகளுக்கு நடுவே ஓர் எலுமிச்சம்பழம் நுழையும். மாப்பிள்ளையின் பெரியப்பா அந்தக் கையையே முறைத்துக்கொண்டிருந்தார். மனசாரக் கும்பிடக்கூடத் தெரியாத திமிர் பிடித்த ஆள் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து ஒழுங்காகக் கும்பிட்டால் மேற்கொண்டு பேசலாமாம். இத்தனைக்கும் அந்தப் பெரியப்பா எங்கள் வீட்டில் சர்க்கரை போடாத டீ கேட்டு வாங்கிக் குடித்தவர்.

அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் முதலில் செய்யச் சொன்னதே கும்பிடத்தான். தோலுக்கும் தசைநாணுக்கும் பலம் தருவது கொலாஜன் என்ற நார், ரத்தத்திலுள்ள சர்க்கரை அதில் ஒட்டி நார்களைப் பிணைத்து விறைக்க வைத்துவிடும், அதனால்தான் உள்ளங்கைகள் சேரவில்லை, வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் வருவது இவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது என்றார். பச்சைத் தோலைப் பதம் போட்டால் அப்படித்தானே இறுகும் என்று அப்பா வெளியே வந்ததும் கேட்டார்.

இதைத் தரகரிடம் சொன்னேன். அப்படியானால் சீக்காளி வீடா என்று செம்பூரிலிருந்து பதில் வந்தது. திமிர் இல்லையென்றால் சீக்கு. நல்ல நியாயம். அம்மாவோ, ஒரு தடவை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும் என்று அப்பாவை அரித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடப் பட்டறைக்குப் போனேன். தோல் வெட்டும் மேசையில் கையை விரித்து வைத்து, சுருக்கம் போகத் தோலின்மேல் வைக்கும் இரும்புக் கட்டியை அதன்மேல் ஏற்றியிருந்தார். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"ஏட்டி, வலிக்கவே இல்ல. நாளைக்குள்ள கை நேராயிரும்."

வலிக்கவே இல்லை என்றது, சர்க்கரையில் கை மரத்தே போய்விட்டதோ என்று என்னை இன்னும் பயமுறுத்தியது. கட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே நின்று தரகருக்குப் போன் போட்டேன்.

"எங்கப்பா வர மாட்டாவ. மொதல்ல சர்க்கரை போடாத டீ கேட்டுக் குடிச்ச அந்தப் பெரியப்பாவ ரெண்டு கையையும் சேத்துக் கும்பிடச் சொல்லுங்க. சேருதான்னு பாத்துட்டு எங்கிட்டப் பேசச் சொல்லுங்க."

அப்பா கையைத் தேய்த்துக்கொண்டே, மெதுவாகப் பேசு என்றார்.